சேலத்திலிருந்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு: சக்கர நாற்காலியில் வரும் குழந்தையோடு ஒரு குடும்பப் பயணம்

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. நடக்க இயலாது, எங்கே போனாலும் சக்கர நாற்காலியில்தான். பாடப்புத்தகத்தில் பார்த்த நடராசர் சிலையை நேரில் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டபோது, சேலத்திலிருந்து எழும்பூர் போய்வர என்னென்ன தேவை என்று முழுமையாகச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. சான்றிதழ் பற்றி ஒரு அலுவலகத்துக்குத் தெரியும், டிக்கெட் பற்றி இன்னொரு அலுவலகத்துக்குத் தெரியும், வாசற்படிகள் பற்றி அங்கே நிற்கும் காவலாளிக்குத் தெரியும். இவை எல்லாவற்றையும் கோத்துப் பயணமாக்கும் வேலை பெற்றோர் தலையில் விழுகிறது. நாங்கள் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். "வீல்சேர் வசதி இருக்கிறதா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவர் நினைப்பது வாசலில் இருக்கும் சாய்தளத்தை. உங்களுக்கு வேண்டியதோ உள்ளே எத்தனை படிகள், கதவு எத்தனை அங்குலம், கழிப்பறைச் சாவி யாரிடம் என்ற விவரம். எண்ணிக்கை கேளுங்கள், அளவு கேளுங்கள். கீழே உள்ள ஒவ்வொரு படிநிலையிலும் இதுதான் வேலை செய்தது.

1. அடையாள அட்டை: மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

பயணச் சலுகைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. இந்தியா முழுவதும் செல்லுபடியாகும் தனித்துவ அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. குழந்தையின் ஆதார், அண்மையில் எடுத்த புகைப்படம், முகவரிச் சான்று, கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை, கையில் இருக்கும் மருத்துவ அறிக்கைகள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். அதன்பின் மருத்துவக் குழுவின் பரிசோதனைக்கு அழைப்பு வரும்.

அட்டை மூன்று நிறங்களில் வரும். ஊனம் 40 சதவீதத்துக்குக் கீழ் என்றால் வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். பெரும்பாலான சலுகைகள் 40 சதவீதத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

விண்ணப்பம் எங்காவது தேங்கி நின்றால், கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்ப எண்ணைக் காட்டிக் கேளுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்று கூட்டம் அலைமோதும். மனு கொடுப்பதாக இருந்தால் திங்கள் போங்கள். நிலவரம் மட்டும் கேட்பதாக இருந்தால் வேறு நாளில், காலையிலேயே போய்விடுங்கள். குழந்தையை அழைத்துச் செல்லத் தேவையில்லாத வேலைக்கு அழைத்துச் செல்லாதீர்கள். வெயிலில் வரிசையில் காத்திருப்பது அவர்களுக்குத்தான் பெரிய தண்டனை.

கவனிக்க வேண்டியது: குழந்தைகளுக்குத் தரப்படும் சான்று சில சமயம் தற்காலிகமானது, மறுபரிசோதனைத் தேதி குறிப்பிட்டது. அட்டை கைக்கு வந்ததும் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். அது முடிந்திருந்தால் ரயில்வேயில் உங்கள் விண்ணப்பம் திரும்பி வரும்.

2. ரயில்வே அட்டை தனி

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஸ்வாவலம்பன் அட்டை கையில் இருந்தாலும், ரயில் கட்டணச் சலுகையில் இணையம் வழியாக டிக்கெட் எடுக்க ரயில்வே தரும் தனி அடையாள அட்டை வேண்டும். அதற்கு இந்திய ரயில்வேயின் திவ்யாங்ஜன் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தேவையானவை: ஊனச் சான்றிதழ், ரயில்வே வகுத்த படிவத்தில் அரசு மருத்துவர் கையொப்பமிட்ட சலுகைச் சான்று, பிறந்த தேதிச் சான்று, முகவரி, புகைப்படம்.

சலுகைச் சான்றில் ஒரு வரி உயிர்நாடி: "துணையாளர் இன்றிப் பயணம் செய்ய இயலாதவர்". உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தச் சலுகையே அந்த நிபந்தனையோடுதான் தரப்படுகிறது. மருத்துவர் அவசரத்தில் பெயரையும் சதவீதத்தையும் நிரப்பிவிட்டு முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார். மேசையை விட்டு எழும் முன் படிவத்தை ஒரு முறை படித்துப் பாருங்கள். பெயரின் எழுத்துகள் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா, முத்திரையில் மருத்துவரின் பதிவு எண் தெளிவாக விழுந்திருக்கிறதா, புகைப்படத்தின் மேல் பாதி முத்திரை பதிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இவற்றில் ஒன்று பிசகினாலும் மறுபடி அதே வரிசையில் நிற்க வேண்டும்.

நிரந்தர ஊனம் என்றாலும் 25 வயது வரை இந்தச் சான்று ஐந்தாண்டுகளுக்கே செல்லும். அது முடியும் தேதியைக் கைப்பேசி நாட்காட்டியில் போட்டு வையுங்கள்.

சலுகை எவ்வளவு? இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றாம் ஏசி ஆகியவற்றில் அடிப்படைக் கட்டணத்தில் 75 சதவீதம். இரண்டாம் ஏசி, முதல் ஏசியில் 50 சதவீதம். உடன் வரும் துணையாளர் ஒருவருக்கும் அதே சலுகை. முன்பதிவுக் கட்டணம், அதிவிரைவுக் கட்டணம் போன்றவற்றுக்குத் தள்ளுபடி கிடையாது. தட்கலில் சலுகையே இல்லை. "கடைசியில் தட்கலில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் நமக்கு உதவாது.

3. நாற்காலியை அளந்து எழுதி வையுங்கள்

இன்ச் டேப்பை எடுங்கள். சக்கரத்தின் வெளிவிளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை மொத்த அகலம், கால்பலகை நீட்டிய நிலையில் முழு நீளம், மடித்தபின் அகலம், எடை. பெரியவர்களுக்கான சாதாரண மடக்கு நாற்காலி 25 அங்குலத்தை ஒட்டி இருக்கும்; குழந்தைகளுக்கானது அதைவிடக் குறுகியது. சக்கரத்தைக் கையால் தள்ளும் பிள்ளை என்றால் இருபுறமும் விரலுக்கு இடம் விட்டுக் கணக்கிடுங்கள். நாற்காலி முழு வட்டம் திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி இடம் வேண்டும்.

சாய்தளத்துக்கும் கணக்கு உண்டு. ஓரடி உயரம் ஏற, பன்னிரண்டடி நீளச் சாய்வு தேவை. அதாவது ஆறங்குலப் படிகள் இரண்டு இருந்தால் அவற்றைக் கடக்கப் பன்னிரண்டடிச் சாய்தளம். அந்த இரண்டு படிகளின் மேல் நான்கடிப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு "ராம்ப் இருக்கிறது" என்று சொல்லும் இடங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதில் ஏற்றும்போது நாற்காலி பின்பக்கம் கவிழக்கூடும். செங்குத்தான சாய்வில் ஏறும்போது குழந்தை முன்னோக்கி இருக்கட்டும். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, நீங்கள் கீழே நின்று, பின்னோக்கி மெல்ல இறக்குங்கள். பெல்ட் கட்டாயம்.

கிளம்பும் வாரத்தில் பிரேக், முன் சக்கரங்களின் திருகு, டயரில் காற்று மூன்றையும் பாருங்கள். காற்றடைத்த டயர் என்றால் சைக்கிள் பம்பும் பஞ்சர் ஒட்டும் பொருள்களும் பையில் இருக்கட்டும்.

4. சேலத்திலேயே ஒரு ஒத்திகை

நேரே சென்னைக்குப் போகாதீர்கள். சேலத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. எழும்பூரோடு ஒப்பிட்டால் சிறியது. ஒரு முற்பகல் அங்கே போய்வாருங்கள். பொருள்களைப் பார்ப்பதோடு உங்கள் பிள்ளையையும் பாருங்கள். எத்தனை நேரத்தில் முதுகு வலிக்கிறது, எப்போது தண்ணீர் கேட்கிறது, எந்த வகைப் பொருளின் முன் தானாக நிற்கிறது, கூட்டம் சூழ்ந்தால் முகம் எப்படி மாறுகிறது. இவை தெரிந்தால்தான் பெரிய பயணத்தின் நேரக் கணக்கைப் போட முடியும்.

போகும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டியவை: காட்சிக்கூடம் எந்தத் தளத்தில்? வாசலில் எத்தனை படிகள்? கழிப்பறை மேற்கத்திய வகையா? அதன் கதவு உள்ளே திறக்கிறதா, வெளியே திறக்கிறதா? உள்ளே திறக்கும் கதவு என்றால், நாற்காலியோடு நுழைந்தபின் கதவைச் சாத்த முடியாது.

சேலம் நகருக்குள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மாற்றுத்திறனாளியும் உடன் வரும் ஒருவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். ஆனால் உயரமான படிகளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மடித்த நாற்காலியையும் ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும், ஓட்டுநரின் பொறுமையும் வேண்டும். அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோடு வரை போகவே நாங்கள் ஆட்டோவைத்தான் விரும்புகிறோம்.

ஆப் வழியாகக் கார் அழைத்தால் ஓட்டுநரிடம் முதல் கேள்வி: "டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருக்கிறதா?" வாடகைக்கு ஓடும் சிறிய செடான் கார்கள் பலவற்றில் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டிருக்கும், மடித்த நாற்காலி அங்கே நுழையாது. கார் வந்து நின்றபின் இது தெரிந்தால் ரத்துக் கட்டணமும் உங்களுடையது, நடுவெயிலில் அடுத்த காருக்கான காத்திருப்பும் உங்களுடையது.

5. நாளைத் தேர்ந்தெடுப்பது

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தேசிய விடுமுறை நாள்களிலும் மூடியிருக்கும். மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு வெள்ளியோடு இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை என்பதால், ஒத்திகைக்குக் கிளம்பும் முன்பும் நாட்காட்டியைப் பாருங்கள். எழும்பூரில் காலை 9.30-க்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள்.

ஞாயிறும் பொங்கல் விடுமுறையும் வேண்டவே வேண்டாம். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ஆட்கள் நின்றுவிட்டால் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தெரிவது முதுகுகள் மட்டும்தான். வார நாளில் பள்ளிகளிலிருந்து கூட்டமாக மாணவர்கள் வருவார்கள். சனிக்கிழமை, திறந்தவுடன் முதல் ஆளாக உள்ளே போவது எங்களுக்கு ஒத்துவந்தது. ஏப்ரல், மே வெயிலில் சென்னை வளாகத்தில் நாற்காலியின் இரும்புக் கைப்பிடி தொட முடியாமல் கொதிக்கும். டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம்.

6. டிக்கெட்: குடும்பம் பிரிந்துபோகாமல் எடுப்பது

முன்பதிவு 60 நாள்களுக்கு முன் திறக்கிறது. அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

சேலத்திலிருந்து விருத்தாசலம் வழியாக எழும்பூருக்கு இரவு ரயில் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மூன்று காரணங்கள். எழும்பூர் நிலையத்திலிருந்து அருங்காட்சியகம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்தான். இரவு முழுதும் குழந்தை படுத்தபடி வரலாம். ஐந்தாறு மணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டியதில்லை. மூன்றாவது காரணம் எல்லாவற்றையும்விடப் பெரியது: ரயில் சேலம் ஜங்ஷனிலேயே புறப்படுகிறது. வழியில் நிற்கும் ரயிலில் குழந்தையையும் நாற்காலியையும் பைகளையும் ஏற்ற ஓரிரு நிமிடங்களே கிடைக்கும். புறப்படும் நிலையத்தில் பெட்டிகள் முன்கூட்டியே நடைமேடைக்கு வந்துவிடும், நிதானமாக ஏறலாம். வீடு டவுன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தாலும் ஜங்ஷனுக்கே போய் ஏறுங்கள்.

இனிப் பெரிய பொறி. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் டிக்கெட் எடுத்தால் கீழ்ப்படுக்கை கிடைக்கும். ஆனால் அந்த டிக்கெட்டில் குழந்தையும் துணையாளரும் மட்டுமே இடம்பெற முடியும். அப்பாவும் தம்பியும் பாட்டியும் பொது ஒதுக்கீட்டில் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், அது வேறு பெட்டியில் விழலாம். ஆகவே முதலில் குழந்தையின் டிக்கெட்டை எடுத்து, எந்தப் பெட்டி என்று பார்த்துவிட்டு, உடனே மற்றவர்களுக்கு அதே வகுப்பில் முயலுங்கள். பெட்டி வேறாகிப்போனால், தூக்குவதற்குப் பலம் உள்ளவர் யாரோ அவரையே துணையாளராகப் போடுங்கள். எங்கள் வீட்டில் அது என் கணவர்.

ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். படுக்கை வேண்டாம் என்று குறித்தால் கட்டணம் குறையும், ஆனால் இரவு முழுதும் அவர்களுக்கு இடம் இருக்காது.

பயணத்தின்போது ரயில்வே அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும். பரிசோதகர் கேட்டால் கைப்பேசியில் படம் காட்டுவது போதாது.

7. ஜங்ஷனில் ஏறுவது

ரயில் புறப்பட முக்கால் மணி நேரம் முன்பே, ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலம் போய்ச் சேருங்கள். ரயில் எந்த நடைமேடை, அங்கே போகும் லிஃப்ட் இன்று ஓடுகிறதா என்பதை 139 எண்ணிலோ விசாரணை கவுண்டரிலோ கேளுங்கள். நிலையத்தின் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் நிலைய மேலாளர் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். ஆனால் குழந்தையின் உடம்புக்குப் பொருந்திய சொந்த நாற்காலியே எப்போதும் நல்லது.

ஸ்லீப்பர் பெட்டியின் வாசலும் உள்நடையும் குறுகியவை. நாற்காலியில் உட்கார்ந்தபடி உள்ளே போக முடியாது. வாசலில் மூன்று படிகள். எனவே ஒருவர் முதலில் ஏறிப் படுக்கையைத் துடைத்து விரிப்புப் போடட்டும். ஒருவர் குழந்தையைத் தூக்கி ஏறட்டும். கடைசியாக நாற்காலியை மடித்து ஏற்றிப் படுக்கைக்கு அடியில் தள்ளி, சங்கிலியால் பூட்டுங்கள். கால்பலகைகள் கழற்றக்கூடியவை என்றால் முன்பே கழற்றிப் பையில் வையுங்கள். இல்லாவிட்டால் அவை கீழே இடிக்கும்.

தூக்குவதற்கு முன் குழந்தையிடம் கேளுங்கள். உதவ ஓடி வருபவர்கள் நல்லவர்கள்தான், ஆனாலும் கேட்காமலேயே கையை அக்குளில் கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். "கொஞ்சம் பொறுங்கள், எப்படித் தூக்குவது என்று அவளே சொல்லுவாள்" என்று நாங்கள் சொல்லுவோம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது சொல்லத் தெரியும். அந்தச் சில நொடிகள் அவளுக்கு முக்கியம்.

கழிப்பறை பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவோம். ஓடும் ரயிலின் கழிப்பறையில் நாற்காலி நுழையாது. இரவுக்கு டயப்பர், யூரின் பாட்டில், இரண்டு நீர்புகா விரிப்புகள், மறைப்புக்கு ஒரு பெரிய போர்வை, கையுறை, மூடக்கூடிய குப்பைப் பை ஆகியவை தனிப் பையில் இருக்கட்டும். குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்கும் பிள்ளைகள் என்றால் மருத்துவர் சொன்ன இடைவெளியை வைத்து நேர அட்டவணை எழுதுங்கள், ஒரு நாளுக்கான பொருள்களை இரு மடங்காக எடுத்துச் செல்லுங்கள். பயணம் என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்கவே குறைக்காதீர்கள்.

8. பகலுக்கு ஒரு அறை

ரயில் விடியும் முன்பே எழும்பூரில் இறக்கிவிடும். அருங்காட்சியகம் திறப்பதோ 9.30. திரும்பும் ரயிலுக்கு நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டும். சாய்ந்து படுக்கவும் உடை மாற்றவும் பகலில் ஓர் அறை இல்லாமல் இந்தப் பயணம் குழந்தைக்கு நல்லதல்ல. செலவைச் சுருக்க நினைத்தால் வேறெதிலாவது சுருக்குங்கள்.

எழும்பூர் நிலையத்தைச் சுற்றி, கென்னட் லேன் பக்கம், விடுதிகள் நிறைய. தொலைபேசியில் கேட்க வேண்டியவை: கணக்கு 24 மணி நேரமா, பகல் 12 மணியா? பன்னிரண்டு மணிக் கணக்கு என்றால் காலை நான்கு மணிக்கு நுழைந்து நண்பகலில் காலி செய்யச் சொல்வார்கள், அல்லது இரண்டு நாள் வாடகை கேட்பார்கள். தெருவிலிருந்து வரவேற்பறைக்கு எத்தனை படிகள்? லிஃப்ட் கதவு எத்தனை அங்குலம்? லிஃப்ட் தரைத்தளத்திலிருந்தே தொடங்குகிறதா, பாதிப் படி ஏறியபிறகா? குளியலறைக் கதவின் அகலம், வாசலில் உள்ள தடுப்பின் உயரம்? அறைக்கதவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குளியலறைக் கதவு பல விடுதிகளில் 24 அங்குலம்தான். ஒரு விடுதியில் எல்லாம் சரி என்று சொன்னார்கள். டேப் வைத்து அளந்து கைப்பேசியில் படம் அனுப்புங்கள் என்று கேட்டபோதுதான் லிஃப்ட்டுக்கு முன்னால் ஐந்து படிகள் இருப்பது தெரிந்தது. படம் அனுப்பத் தயங்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

9. அருங்காட்சியகத்துக்குள்: எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள்

பாந்தியன் சாலையில் பதினாறு ஏக்கருக்கு மேல் விரிந்த வளாகம் அது. கூடங்கள் ஆறு கட்டடங்களில் பிரிந்து கிடக்கின்றன. கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே வந்து, மறுபடி ஏறி நுழைய வேண்டும். நடப்பவர்களே ஒரு நாளில் முடிக்க மாட்டார்கள். வீட்டிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து மூன்றைத் தேர்ந்தெடுங்கள். தேர்வு அவர்களுடையதாக இருக்கட்டும்.

எங்கள் மகள் தேர்ந்தெடுத்தவை: வெண்கலச் சிலைக் கூடம், திமிங்கில எலும்புக்கூடு, கற்கருவிகள். வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் இருக்கிறார்கள். கற்கருவிகளுக்குச் சேலத்துப் பிள்ளைகளிடம் சொல்ல ஒரு நல்ல செய்தி உண்டு. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பிற்காலத்தில் நம் ஏற்காட்டில் குடியிருந்தார். அவர் சேகரித்த கருவிகள் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் அதே ஏற்காடு என்று சொன்னதும் அவளுக்கு அந்தக் கற்கள் சொந்தமாகிவிட்டன. அமராவதிச் சிற்பங்களும் சிறுவர் அருங்காட்சியகமும் நல்ல மாற்றுத் தேர்வுகள்.

முந்தின வாரம் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். தேர்ந்தெடுத்த மூன்று கூடங்களின் பெயரைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கேளுங்கள்: எந்தக் கட்டடம், எந்தத் தளம், சாய்தளம் எந்த வாசலில், லிஃப்ட் உண்டா, அது பூட்டியிருந்தால் சாவி யாரிடம், வேலை காரணமாக மூடிய கூடம் எதுவும் உண்டா, கார் கட்டடத்தின் வாசல் வரை வர அனுமதிப்பார்களா. பேசியவரின் பெயரையும் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் காவலர் தயங்கும்போது "இன்னாரிடம் பேசினோம்" என்ற ஒரு வாக்கியம் பல கதவுகளைத் திறக்கும்.

உள்ளே போனபின் ஒரு முறை நாற்காலி உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். நின்று பார்ப்பவர்களுக்காக வைக்கப்பட்ட மேசைப் பெட்டிகளில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தெரிவது கண்ணாடியின் விளிம்பும் விளக்கின் பிரதிபலிப்பும்தான். அங்கே கைப்பேசிக் கேமராவை மேலிருந்து பிடித்துத் திரையைக் குழந்தைக்குக் காட்டுங்கள். படம் எடுக்கத் தனிக் கட்டணம் இருக்கிறதா என்று நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுக் கட்டிவிடுங்கள். மாறாக, உயர்ந்த பீடத்தில் நிற்கும் சிலை என்றால், நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளி நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அருகிலிருந்து அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும்.

அரை மணிக்கொரு முறை, அல்லது உங்கள் மருத்துவர் சொன்னபடி, உடலைச் சற்று உயர்த்தி இருக்கையின் அழுத்தத்தைக் குறையுங்கள். பார்ப்பதில் மூழ்கினால் பிள்ளையும் மறக்கும், நாமும் மறப்போம். கைப்பேசியில் அலாரம் வையுங்கள்.

"படிதானே, தூக்கிக்கொண்டு போய்விடலாம்" என்று ஊழியர்கள் அன்போடு முன்வருவார்கள். ஓரிரு படிகளுக்குச் சரி. ஒரு மாடி உயரத்துக்கு, பழக்கமில்லாதவர்கள் குழந்தையோடு நாற்காலியைத் தூக்குவதை நான் அனுமதிக்க மாட்டேன். அந்தக் கூடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

"ஐயோ பாவம், என்னாயிற்று குழந்தைக்கு?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பதில் சொல்வதா வேண்டாமா என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். எங்கள் மகள் சிரித்துவிட்டு, "நாங்கள் திமிங்கிலம் பார்க்க வந்தோம்" என்பாள்.

ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள். சாப்பாடு, படுக்கை, மூன்று மணி நேர ஓய்வு.

10. மாலையில் மெரினா

உடம்பு இடம் கொடுத்தால் மட்டும். காமராஜர் சாலையில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணல்மீது மாற்றுத்திறனாளிகளுக்கான மரப் பாதை 2022-இல் அமைக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம்; நாற்காலியோடு அலைகளுக்கு அருகே போகலாம். அதே பகுதியில், லேடி விலிங்டன் கல்லூரி வளாகத்தில் மியூசியம் ஆஃப் பாஸிபிலிட்டீஸ் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிச் சாதனங்களை அங்கே தொட்டு, உட்கார்ந்து, இயக்கிப் பார்க்கலாம். அடுத்த நாற்காலி வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இங்கே வாருங்கள். வேலை நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

11. செலவு

நால்வருக்கு ஸ்லீப்பரில், இருவருக்குச் சலுகை போக, போகவர இரண்டாயிரம் ரூபாய்க்குள். விடுதி அறை 24 மணி நேரத்துக்கு இரண்டாயிரம் வரை. சென்னைக்குள் வாடகைக் காருக்கு எழுநூறு, எண்ணூறு. சாப்பாடு உங்கள் விருப்பம். நுழைவுச்சீட்டு பெரிய தொகை அல்ல. சேலத்திலிருந்தே கார் எடுத்தால், எங்களிடம் கேட்ட வாடகை கிலோமீட்டருக்கு 14 ரூபாய். போகவர ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர், பேட்டாவும் சுங்கக் கட்டணமும் சேர்த்துப் பதினோராயிரத்தைத் தாண்டும். மோட்டார் பொருத்திய கனமான நாற்காலி என்றால் ரயிலில் ஏற்றுவது கடினம்; அப்போது கார்தான் வழி.

12. வந்தபின் ஒரு கடிதம்

எங்கே சாய்தளம் இல்லை, எந்தக் கழிப்பறைக் கதவு குறுகியது என்று நீங்கள் கண்டதை, அளவுகளோடும் டேப் வைத்து எடுத்த படங்களோடும் அந்தந்த அலுவலகத்துக்கு எழுதுங்கள். எது நன்றாக இருந்தது, எந்த ஊழியர் எப்படி உதவினார் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 45, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்றச் சொல்கிறது. விதிகள் வந்தது 2017-இல். கடிதத்தில் பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள், ஒப்புகை கிடைக்கும்படி அனுப்புங்கள், நகல் ஒன்றை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும் சேருங்கள். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால் ஒப்புகை எண்ணோடு நினைவூட்டல் அனுப்புங்கள். 1100 எண்ணில் முதல்வரின் முகவரித் துறையிலும் பதிவு செய்யலாம். பிள்ளைக்கு எழுதத் தெரியும் என்றால் கடிதத்தின் ஒரு பத்தியை அவர்களே எழுதட்டும், கையொப்பமும் போடட்டும்.